எட்டாம் ஹென்றி மதத்தை மாற்றியது கல்யாணத்துக்காக மட்டும்தானா?

#1 வழுதூர்க்காரன்

பெரியவனுக்கு அடுத்த வாரம் வரலாற்றுத் தேர்வு. நேற்று ராத்திரி உட்கார வைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். மதச் சீர்திருத்தம் பாடத்தில் லூதருக்கு மூன்று பக்கம், இங்கிலாந்துக்கு நாலு வரி. எட்டாம் ஹென்றி விவாகரத்துக் கேட்டார், போப் தரவில்லை, கோபித்துக்கொண்டு தனிச் சபை தொடங்கினார், மொத்தம் ஆறு கல்யாணம் செய்தார், அவ்வளவுதான். கடகடவென்று ஒப்பித்துவிட்டு, "அப்பா, ஒருத்தர் இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிறதுக்காக ஒரு நாடே சாமி கும்பிடுற முறையை மாத்திக்குமா?" என்றான். இதெல்லாம் தேர்வுக்கு வராது, படி என்று சொல்லித் தப்பித்தேன். அப்புறம் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 கோடைமழை

மாற்றிக்கொள்ளாவிட்டால் தலை இருக்காது என்றால் நானும் மாற்றிக்கொள்வேன், நீங்களும் மாற்றிக்கொள்வீர்கள். இதில் என்ன சந்தேகம்?

#3 மைக்கூடு

பையன் கேட்டதுதான் சரியான கேள்வி. கல்யாணத்தை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது, ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான் வரும்.

முதலில், ஹென்றி கேட்டது விவாகரத்தே இல்லை. இந்தக் கல்யாணம் முதலிலிருந்தே செல்லாது என்று அறிவியுங்கள் என்றுதான் கேட்டார். ஏனென்றால் கேத்தரின் அவருக்கு அண்ணி. அண்ணன் ஆர்தர் 1501 நவம்பரில் ஸ்பெயினிலிருந்து வந்த அந்த இளவரசியைக் கைப்பிடித்து ஐந்தே மாதத்தில் இறந்துபோனார். பெண்ணைத் திருப்பி அனுப்பினால் சீதனத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், அப்பா ஏழாம் ஹென்றியோ காசு விஷயத்தில் மகா கறார். அதனால் கொழுந்தனுக்கே பேசி முடித்தார்கள். அண்ணியைக் கட்டச் சபைச் சட்டத்தில் இடமில்லை என்பதால் போப் இரண்டாம் ஜூலியஸ் தனி அனுமதி எழுதித் தந்தார். கடைசியில் அப்பா இறந்த பிறகு, 1509 ஜூனில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு 18 முடிய இன்னும் சில நாள் இருந்தது, பெண்ணுக்கு 23.

அது ஒன்றும் முதல் நாளிலிருந்தே கசந்த கல்யாணம் இல்லை. 1513ல் பிரான்சோடு சண்டைக்குப் போனபோது நாட்டைக் கேத்தரின் பொறுப்பில்தான் விட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து ஸ்காட்லாந்து படையெடுக்க, ஃபிளாடன் என்ற இடத்தில் அதன் அரசர் நான்காம் ஜேம்ஸ் களத்திலேயே செத்தார். கேத்தரின் அந்த ஜேம்ஸின் ரத்தம் தோய்ந்த மேலங்கியைப் புருஷனுக்குப் பரிசாக அனுப்பிவைத்தார். சாதுவான பெண்மணி என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பிரச்சினை பிள்ளையில் வந்தது. 1511 புத்தாண்டன்று ஓர் ஆண் குழந்தை பிறந்து 52 நாள் இருந்தது. மற்றவை குறைப்பிரசவம், செத்துப் பிறந்தவை. நிலைத்தது 1516ல் பிறந்த மேரி ஒருத்திதான். பெண் ஆளக்கூடாதா என்று இன்றைக்குக் கேட்போம். ஆனால் ஹென்றியின் அப்பா 1485ல் போர்க்களத்தில் கிரீடம் பிடித்தவர், அந்தக் குடும்பம் ராஜ குடும்பமாகி ஒரு தலைமுறைதான் ஆகியிருந்தது. அதற்கு முன் மெட்டில்டா என்ற பெண் அரியணைக்கு உரிமை கோரியபோது 12ஆம் நூற்றாண்டில் நாடு உள்நாட்டுப் போரில் நாசமானது, அந்த ஞாபகமும் இருந்தது. எலிசபெத் பிளவுன்ட் என்ற பெண்ணிடம் 1519ல் ஒரு மகன் பிறந்துவிட்டதால் குறை தன் பக்கம் இல்லை என்று ஹென்றி முடிவு கட்டிவிட்டார்.

அப்புறம் லேவியராகமம் 20:21 கண்ணில் பட்டது. சகோதரன் மனைவியை மணந்தவனுக்குச் சந்தானம் இருக்காது என்கிற வசனம். மகள்தான் இருக்கிறாளே என்றால், மூலத்தில் அது மகன் என்று பொருள்படும் என்றார். பிள்ளையில்லாமல் இறந்த சகோதரனின் மனைவியை மணந்துகொள் என்று உபாகமம் 25:5 நேர் எதிராகச் சொல்கிறதே என்று கேட்டவர்களுக்கும் ஒரு பதில் வைத்திருந்தார். வேண்டியதைத் தேடினால் வேதத்தில் கிடைக்காததா?

சாதாரணமாக ரோம் இதைச் சத்தமில்லாமல் முடித்துக் கொடுத்திருக்கும். ராஜாக்களுக்கு இது புதிதில்லை. ஆனால் 1527 மே மாதம் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடி, போப் ஏழாம் கிளெமென்ட்டைக் கோட்டைக்குள் முடக்கிவிட்டது. சார்லஸ் யார்? கேத்தரினின் அக்கா மகன். சித்தியைத் தள்ளிவைக்க அனுமதி கொடுங்கள் என்று அக்கா மகனிடம் மாட்டிக்கொண்டவரிடம் போய்க் கையெழுத்துக் கேட்டால் கிடைக்குமா? கிளெமென்ட் முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை, ஏழு வருடம் இழுத்தார்.

#4 கோடைமழை

ஆக, சித்தி பையன் இல்லாவிட்டால் இன்றைக்கும் இங்கிலாந்து கத்தோலிக்க நாடு. நான் சொன்னதைவிடச் சின்னக் காரணம்.

#5 மைக்கூடு

சித்தி பையன் இல்லை, அக்கா பையன் :) அப்படியும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் ஹென்றி காலத்தில் அப்படி உடைந்திருக்காது.

#6 தென்திசை

நான் திருநெல்வேலிப் பக்கத்துச் சி.எஸ்.ஐ. குடும்பம். 1947ல் சபைகள் ஒன்றாகும் முன்பு எங்கள் தாத்தா காலத்தில் ஆங்கிலிகன் சபை. கல்லூரியில் கூடப் படித்த கத்தோலிக்க நண்பன் ஒருவன் என்னைப் பார்த்தாலே, "உங்க சபையை ஆரம்பிச்சவர் எத்தனை பொண்டாட்டிக்காரர்?" என்று கேட்பான். பதில் தெரியாமல் சிரித்து மழுப்புவேன். பிறகு படித்துப் பார்த்தபோது ஆச்சரியம். நாங்கள் ஆராதனையில் சொல்லும் ஜெபங்களின் வேர், ஹென்றி நியமித்த கேன்டர்பரி பேராயர் தாமஸ் கிரான்மர் 1549ல் வெளியிட்ட ஜெபப் புத்தகத்தில் இருக்கிறது. அப்போது ஹென்றி செத்து இரண்டு வருடம் ஆகியிருந்தது! அவர் உயிரோடு இருந்தவரை கோயிலில் பூசை லத்தீனில்தான். அப்படியென்றால் அவர் மாற்றியது எதை? யாராவது இதை விளக்கினால் அந்த நண்பனுக்கு அனுப்பிவைப்பேன். இப்போதும் வாட்ஸப்பில் கேலி செய்கிறான்.

#7 மைக்கூடு

தென்திசை அண்ணா, இந்த இழையில் என் வாதமே அதுதான். ஹென்றி மாற்றியது சாவி யார் இடுப்பில் இருக்க வேண்டும் என்பதை. வீட்டுக்குள் பாத்திரம் பண்டம் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருந்தது.

1521ல் லூதரைக் கண்டித்துப் புத்தகம் எழுதி, போப் பத்தாம் லியோவிடம் 'விசுவாசத்தின் காவலர்' என்ற பட்டம் வாங்கியவர் இவர். 1533ல் மேல்முறையீடுகள் ரோமுக்குப் போகக்கூடாது என்று சட்டம் வந்தது, அதில் இங்கிலாந்து ஒரு பேரரசு, வெளியே யாருக்கும் அடங்கியதில்லை என்று எழுதியிருந்தார்கள். அதற்குள் அந்த வருடம் ஜனவரியிலேயே ஆன் போலினோடு ரகசியக் கல்யாணம் நடந்துவிட்டது. மே மாதம் கிரான்மர் கேத்தரின் கல்யாணம் செல்லாது என்றார், ஜூன் 1 ஆனுக்கு முடிசூட்டு, செப்டம்பர் 7 குழந்தை. ஊரே இளவரசனை எதிர்பார்த்துக் காத்திருக்கப் பிறந்தது எலிசபெத். 1534ல் ராஜாவே சபைக்குத் தலைவர் என்ற சட்டம். இதுவரை நற்கருணையைப் பற்றியோ பாவசங்கீர்த்தனத்தைப் பற்றியோ ஒரு பேச்சும் இல்லை, கவனியுங்கள்.

பிறகு கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ந்தார். மடங்கள் மூடப்பட்டன, புனிதர்களின் கல்லறைகள் உடைக்கப்பட்டன, ஒவ்வொரு கோயிலிலும் ஆங்கில பைபிள் வைக்கச் சொன்னார்கள். 1539ல் அச்சான அந்தப் பெரிய பைபிளின் முதல் பக்கப் படத்தை ஒரு தடவை தேடிப் பாருங்கள். நடுவில் பெரிதாக ஹென்றி சிம்மாசனத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பைபிளைக் கொடுக்கிறார், ஒரு பக்கம் ஆயர்கள், மறுபக்கம் பிரபுக்கள் வாங்குகிறார்கள், கீழே ஜனங்கள் ராஜா வாழ்க என்று கத்துகிறார்கள். கடவுள் எங்கே? ராஜாவின் தலைக்கு மேலே, மேகத்துக்கு நடுவில், இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு. இவ்வளவு நேரம் நான் எழுதியதெல்லாம் அந்த ஒரு படத்தில் இருக்கிறது.

அதே 1539ல் ஆறு பிரிவுச் சட்டம் வந்து எல்லாவற்றையும் பழைய பக்கம் இழுத்தது. அப்பம் கிறிஸ்துவின் உடலாகவே மாறுகிறது என்பதை மறுத்தால் நெருப்பு. குருமார் கல்யாணம் செய்யக்கூடாது. கிரான்மரே ஜெர்மனியில் ரகசியமாகக் கல்யாணம் செய்திருந்தவர், அவசர அவசரமாக மனைவியை அங்கே அனுப்பிவைத்தார். 1543ல் பைபிளைப் பெண்களும் கைத்தொழில்காரர்களும் கூலிக்காரர்களும் படிக்கக்கூடாது என்று இன்னொரு சட்டம், பெரிய வீட்டுப் பெண்களுக்கு மட்டும் விலக்கு.

1540 ஜூலை 30ஆம் தேதி லண்டன் ஸ்மித்ஃபீல்டில் நடந்ததை உங்கள் நண்பருக்குச் சொல்லுங்கள். ஒரே நாளில் ஆறு பேர். மூன்று பேர் புராட்டஸ்டன்ட் கொள்கைக்காக எரிக்கப்பட்டார்கள். மூன்று பேர் போப்பை விடமாட்டோம் என்றதற்காகத் துரோகிகள் என்று தூக்கிலிட்டு வெட்டப்பட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஜனம் எந்தப் பக்கம் நிற்பது பத்திரம் என்று நினைத்திருக்கும்?

கடைசியில் உயிலில் தன் ஆத்துமாவுக்காகப் பூசை வைக்கப் பணம் ஒதுக்கிவிட்டுத்தான் செத்தார். புராட்டஸ்டன்ட் செய்கிற வேலையா அது?

#8 செப்புக்காசு

'விசுவாசத்தின் காவலர்' என்றதும் ஓடி வந்தேன். நான் பழைய காசு சேர்ப்பவன். உறவுக்காரப் பிள்ளைகள் யாராவது லண்டனிலிருந்து வந்தால் சாக்லேட் வேண்டாம், சில்லறையைக் கொட்டு என்பேன். இன்றைக்கும் பிரிட்டிஷ் நாணயத்தில் ராஜா தலையைச் சுற்றியுள்ள எழுத்தில் கடைசியாக 'எஃப் டி' என்று இருக்கும். அந்த இரண்டு எழுத்து போப் கொடுத்த அதே பட்டத்தின் லத்தீன் சுருக்கம். கொடுத்தவரோடு சண்டை போட்டு உறவை அறுத்துக்கொண்டார்கள், பட்டத்தை மட்டும் பாராளுமன்றத்தில் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார்கள். ஐந்நூறு வருடமாகத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஹென்றியின் காசுக்கும் ஒரு கதை உண்டு. 1544ல் பிரான்சின் பூலோன் நகரத்தைப் பிடிக்கப் போனதில் கஜானா காலி. காசில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கலக்க ஆரம்பித்தார்கள். 92.5 சதவீதம் இருந்த வெள்ளி, 1546 வாக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது. மேலே மட்டும் வெள்ளி மினுக்கு. அந்தக் காசில் ராஜாவின் முகம் பக்கவாட்டில் இல்லாமல் நேராகப் பார்க்கும், அதனால் மூக்குத்தான் துருத்திக்கொண்டு நிற்கும். நாலு கை மாறினால் மூக்கில் வெள்ளி தேய்ந்து உள்ளே இருக்கும் செம்பு சிவப்பாக இளிக்கும். ஜனங்கள் ராஜாவுக்கு வைத்த பட்டப்பெயர் 'செம்பு மூக்கன்'. எந்தப் போப்பும் கொடுக்காத பட்டம்.

#9 கோடைமழை

செம்பு மூக்கன்!! இந்த இழை இதற்காகவே போதும்.

#10 அல்லி

எல்லோரும் சட்டம், போப், காசு என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஆன் போலினை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்களே மைக்கூடு சார்.

1536ஆம் வருடத்தின் முதல் ஐந்து மாதத்தை மட்டும் பாருங்கள். ஜனவரி 7 கேத்தரின் கிம்போல்டன் என்ற ஊரில் தனிமையில் சாகிறார். ஜனவரி 24 ஹென்றி குதிரைப் போட்டியில் விழுகிறார். ஜனவரி 29, கேத்தரினைப் பீட்டர்பரோவில் அடக்கம் செய்யும் அதே நாள், ஆனுக்குக் கருச்சிதைவு, ஆண் சிசு என்று பேச்சு. மே மாதம் கைது. ஐந்து ஆண்களோடு தவறான உறவு என்று குற்றச்சாட்டு, அதில் ஒருவர் கூடப் பிறந்த அண்ணனோ தம்பியோ ஆன ஜார்ஜ். ஒப்புக்கொண்டது இசைக்காரர் மார்க் ஸ்மீட்டன் ஒருவர்தான், அவரும் எப்படி ஒப்புக்கொண்டார் என்பது வேறு விஷயம். குற்றப்பத்திரிகையில் குறிப்பிட்ட தேதிகள் பலவற்றில் ஆன் அந்த ஊரிலேயே இல்லை!

விசாரணைக்குத் தலைமை தாங்கித் தண்டனையை வாசித்தவர் நார்ஃபோக் பிரபு. ஆனுடைய தாய்மாமன். நம் ஊரில் தாய்மாமன் சீர் கொண்டு வருவார், அங்கே மரண ஓலையோடு வந்தார். ஆறு வருடம் கழித்து ஐந்தாவது மனைவி கேத்தரின் ஹாவர்டுக்கும் அதே கதி நேர்ந்தது, அந்தப் பெண்ணுக்கு அவர் பெரியப்பா. இரண்டு பெண்களையும் முன்னே தள்ளிப் பதவி சம்பாதித்தவர், இரண்டு பேரும் விழுந்தபோது முதல் ஆளாக நகர்ந்துகொண்டார்.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. மே 17ஆம் தேதி கிரான்மர் ஆன் கல்யாணமும் முதலிலிருந்தே செல்லாது என்று அறிவித்தார். மே 19 தலையை வெட்டினார்கள். கல்யாணமே நடக்கவில்லை என்றால் அவள் யாருக்கு மனைவி? யாருக்குத் துரோகம் செய்தாள்? கேட்பதற்கு அங்கே ஓர் ஆள் இல்லை.

#11 கோடைமழை

அக்கா, ஆனும் பெரிய தியாகி இல்லை. கேத்தரினையும் மேரியையும் என்ன பாடு படுத்தினார்? தாயையும் மகளையும் கடைசிவரை பார்த்துக்கொள்ளவே விடவில்லை. மேரியைக் கைக்குழந்தை எலிசபெத்தின் வீட்டில் கொண்டுபோய் அடக்கி வைத்தார்கள்.

#12 அல்லி

தம்பி, தியாகி என்று நான் எங்கே சொன்னேன்? செய்த குற்றத்துக்குத் தண்டித்திருந்தால் பேசாமல் இருப்பேன். தாயையும் மகளையும் பிரித்து வைத்தது யார் உத்தரவு? ஹென்றியின் உத்தரவு. ஆன் செத்த பிறகாவது மேரியை அணைத்துக்கொண்டாரா? அம்மா கல்யாணம் செல்லாது, நான் முறையற்ற பிள்ளை என்று அந்தப் பெண்ணையே கையெழுத்துப் போட வைத்தார். வீட்டில் எது நடந்தாலும் வந்த மருமகள் தலையில் போடுவது எல்லா ஊரிலும் ஒன்றுதான் போல.

#13 மைக்கூடு

அல்லி அக்கா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். செல்லாது என்று அறிவிக்கப்பட்ட கல்யாணங்கள் மூன்று: கேத்தரின், ஆன் போலின், 1540ல் ஜெர்மனியிலிருந்து வந்த கிளீவ்ஸ் ஆன். அவர் சட்டப்படியே பார்த்தால் ஆறு மனைவி கிடையாது, மூன்றுதான். ஆறு கல்யாணக்காரர் என்று உலகமே சொல்கிறது, அவரைக் கேட்டால் மூன்று என்பார்.

கிளீவ்ஸ் ஆன்தான் இதில் பிழைக்கத் தெரிந்தவர். ஹோல்பைன் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு நிச்சயம் செய்தார்கள். பெண் வந்து இறங்கியதும் ஹென்றிக்குப் பொறுக்கவில்லை, மாறுவேஷம் போட்டுக்கொண்டு ராச்செஸ்டருக்கு ஓடினார். ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பெண், யாரோ ஒரு தடித்த கிழவன் வந்து கட்டிப்பிடிக்கிறான் என்று கண்டுகொள்ளவே இல்லை. அன்றைக்கே அந்த உறவு முறிந்துவிட்டது என்று சொல்லலாம், சடங்கு மட்டும் ஜனவரி 6 நடந்தது. ஜூலையில் செல்லாது என்றபோது சரி என்று ஒரு கையெழுத்துப் போட்டு, வீடு வாசல் நிலம் எல்லாம் வாங்கிக்கொண்டு, 'ராஜாவின் அன்புச் சகோதரி' என்ற அந்தஸ்தோடு 1557வரை வாழ்ந்தார். ஆறு பேரில் கடைசியாகச் செத்தவர். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடித்த மந்திரி தாமஸ் கிராம்வெல் தலைதான் போனது, அதுவும் ஜூலை 28ஆம் தேதி, ஹென்றி ஐந்தாவது கல்யாணம் செய்துகொண்ட அதே நாளில்.

#14 மேட்டுத்தெரு

நான் இந்த இழையில் மாற்றுக் கட்சி. எல்லாம் பணம். லீட்ஸ் நகரத்தில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை போக இடமில்லாமல் ஃபவுன்டன்ஸ் மடத்துக்குப் போனேன். 1132ல் தொடங்கிய மடம். உள்ளே போனால் ஆளை விழுங்கும் தூண்கள், கூரை இல்லை, தரையில் புல், மேலே வானம். காலத்தால் விழுந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அங்கிருந்த பலகையைப் படித்த பிறகுதான் தெரிந்தது, 1539ல் மடத்தை மூடியதும் கூரையிலிருந்த ஈயத்தை உரித்து எடுத்துவிட்டார்கள். ஈயம் போனால் மழை இறங்கும், மழை இறங்கினால் மரம் உளுத்துவிடும், மீதியை அக்கம்பக்கத்தார் கல் கல்லாக எடுத்துப் போவார்கள். பக்கத்தில் ரீவோ என்று இன்னொரு மடம். அங்கே உருக்கி அரச முத்திரை குத்திய ஈயப் பாளங்கள், விழுந்த சுவருக்கு அடியில் மாட்டிக்கொண்டு, போன நூற்றாண்டில்தான் வெளியே வந்தன. ராஜா எடுக்க மறந்த திருட்டுப் பொருள் :)

சுமார் 800 மடங்கள். 1535ல் ஒவ்வொரு மடத்துக்கும் வருமானம் எவ்வளவு என்று கணக்கெடுப்பு, 1536ல் வருடம் 200 பவுனுக்குக் குறைந்தவை மூடல், அப்புறம் பெரியவை, 1540 மார்ச்சில் வால்தம் மடத்தோடு ஒன்று பாக்கியில்லை. கணக்கெடுத்த அடுத்த வருடமே மூடினால் அதற்கு என்ன பெயர்? சந்நியாசிகளுக்கு ஓய்வூதியம் கொடுத்தார்கள், கன்னியாஸ்திரிகளுக்குக் கொடுத்தது வயிற்றுக்கே போதாது. அதோடு, கொடுத்த வார்த்தைப்பாடு கொடுத்ததுதான், கல்யாணமும் செய்யக்கூடாது என்று 1539 சட்டம் கட்டிப்போட்டது. மடத்தையும் எடுத்துக்கொண்டார்கள், மடத்துக் கட்டுப்பாட்டை மட்டும் அவர்கள் தலையிலேயே விட்டுவிட்டார்கள்.

#15 மைக்கூடு

கொள்ளை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் தேதிகளைப் பாருங்கள். போப்போடு முறிவு 1533-34, கணக்கெடுப்பு 1535. மடத்துச் சொத்துக்காகப் போப்பை விரட்டவில்லை, போப்பை விரட்டிய பிறகு காவல் இல்லாத வீடு கண்ணில் பட்டது. அடுத்த கேள்வி, ஏன் திரும்பிப் போக முடியவில்லை? அதற்கு உங்கள் பணம்தான் பதில். நிலத்தை ஹென்றி வைத்துக்கொண்டிருந்தால் அடுத்து வருபவர் திருப்பிக் கொடுத்திருக்கலாம். அவரோ சண்டைச் செலவுக்கு ஊர்ப் பெரியவர்களுக்கு விற்றுத் தள்ளினார். பிறகு மகள் மேரி ராணியாகிக் கத்தோலிக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது, பூசையைக் கொண்டுவர முடிந்தது, நிலத்தை மீட்க முடியவில்லை. வாங்கினவர்களில் தீவிரக் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள், ஒருவரும் தரமாட்டேன் என்றுவிட்டார்கள்.

#16 மேட்டுத்தெரு

சரி, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எதிர்த்தவர்கள் யாருமே இல்லை என்பதுபோல முதலில் கோடைமழை எழுதியதைத்தான் ஒப்புக்கொள்ள முடியாது. 1536 அக்டோபரில் வடக்கே மொத்தமாக எழுந்தார்கள். லவுத் என்ற சின்ன ஊரில் தொடங்கி யார்க்ஷயர்வரை பரவியது. கிறிஸ்துவின் ஐந்து காயம் வரைந்த கொடி, தலைவர் ராபர்ட் ஆஸ்க் என்ற வக்கீல், டான்காஸ்டர் பக்கத்தில் முப்பதாயிரத்துக்கு மேல் ஆட்கள். ராஜா படை அதில் கால்வாசிகூட இல்லை. அன்றைக்கு ஆஸ்க் நேரே லண்டனுக்கு நடந்திருந்தால்... ஆனால் அவர் ராஜாவை நம்பினார். கெட்ட மந்திரிகள்தான் காரணம், ராஜா நல்லவர் என்று நம்பினார். அல்லி சொன்ன அதே நார்ஃபோக் வந்து, மன்னிப்பு உண்டு, யார்க்கில் பாராளுமன்றம் கூடும் என்று வாக்குக் கொடுத்தார். கூட்டம் கலைந்தது. கிறிஸ்துமஸுக்கு ஹென்றி ஆஸ்க்கை அரண்மனைக்கு அழைத்து உபசரித்தார். சில மாதத்தில் வேறொருவர் செய்த சின்னக் கலகத்தைச் சாக்காக வைத்து, 1537 ஜூலையில் யார்க்கில் ஆஸ்க்கைச் சங்கிலியில் தொங்கவிட்டார்கள்.

மூன்றாவது மனைவி ஜேன் சீமோர் மண்டியிட்டு மடங்களை விட்டுவிடுங்கள் என்று கேட்டபோது, முந்தைய ராணிக்கு என்ன ஆனது என்று ஞாபகம் இருக்கட்டும் என்றாராம். கல்யாணமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது.

#17 சும்மாவந்தவன்

ஹென்றி மொத்தம் 72,000 பேரைக் கொன்றார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். அதை யாரும் பேசவில்லையே?

#18 மைக்கூடு

அந்த எண்ணை எழுதியவர் வில்லியம் ஹாரிசன் என்ற பாதிரியார், எலிசபெத் காலத்தில். அவரும் வேறொருவர் சொன்னதாகத்தான் எழுதினார், அதுவும் திருடர்கள், நாடோடிகளைத் தூக்கிலிட்டது பற்றி. 38 வருட ஆட்சிக்கு 72,000 என்றால் ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸ் உட்பட தினமும் ஐந்து பேர். நாட்டின் மொத்த ஜனத்தொகையே முப்பது லட்சத்துக்குள். நம்ப முடியாது. வழக்கு ஆவணங்களைப் புரட்டி எண்ணிய வரலாற்றாசிரியர் ஜெஃப்ரி எல்டன், 1532 முதல் 1540வரை ராஜத்துரோகத்துக்குச் செத்தவர்கள் 308 பேர் என்றார். அதில் ஹென்றியின் முன்னாள் மந்திரி தாமஸ் மோர் ஒருவர். ராஜாவுக்கு எதிராக அவர் ஒரு வார்த்தை பேசவில்லை, சத்தியம் செய்ய மறுத்து வாயை மூடிக்கொண்டு இருந்தார், அதற்கே 1535 ஜூலை 6 தலை போனது. 308 போதாதா ஐயா, எதற்கு 72,000?

#19 தென்திசை

எனக்கு இன்னொரு சந்தேகம். இவ்வளவு செய்தவரை ஆங்கிலேயர்கள் ஏதோ சாப்பாட்டுப் பிரியரான குண்டு மாமா மாதிரி ரசிக்கிறார்களே, அது எப்படி? கோழிக்கால் கடிக்கிற மாதிரி பொம்மை வேறு.

#20 மைக்கூடு

ஹோல்பைன் செய்த வேலை அது. 1537ல் வைட்ஹால் அரண்மனைச் சுவரில் வரைந்தார். காலை அகட்டி, தோளை விரித்து, நேராக நம்மையே முறைக்கிற அந்த நிலை. சுவர் 1698 தீயில் போய்விட்டது, நகல்கள் உலகம் முழுக்கப் பரவின. வரைந்தபோது அவருக்கு 46 வயது, குதிரையிலிருந்து விழுந்து ஒரு வருடம் ஆகியிருந்தது, காலில் ஆறாத புண். படத்தில் புண் தெரியுமா? வெள்ளைக் காலுறையில் கெண்டைக்கால் திரண்டு நிற்கிறது.

அந்தக் காலுக்கு ஒரு கதை உண்டு. 1515 மே தினத்தன்று வெனிஸ் தூதரிடம், பிரெஞ்சு ராஜா என்ன உயரம், எவ்வளவு பருமன் என்று விசாரித்துவிட்டு, அவர் கால் எப்படி என்றார். ஒல்லிதான் என்றார் தூதர். உடனே இளைஞர் ஹென்றி அங்கியை விலக்கித் தன் தொடையைக் காட்டி, இங்கே பாருங்கள், கெண்டைக்காலும் நன்றாகத்தான் இருக்கிறது என்றாராம். அதே ஆள் கடைசி வருடங்களில் இடுப்பு 50 அங்குலத்தைத் தாண்டி, நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போக வேண்டிய நிலைக்கு வந்தார். லண்டன் கோபுரத்துக் கவசம் சொல்கிற கணக்கு அது. சிரிக்கத்தான் வருகிறது, அதுதான் ஆபத்து. சிரித்துக்கொண்டே ஆஸ்க்கையும் ஸ்மீட்டனையும் மறந்துவிடுகிறோம்.

#21 அல்லி

கடைசியாக நார்ஃபோக் என்ன ஆனார் என்று யாரும் சொல்லவில்லையே. மகனைக் கொன்றார்கள், இவருக்கும் நாள் குறித்தாகிவிட்டது. 1547 ஜனவரி 28 அதிகாலை ஹென்றி செத்துப்போனதால் தப்பித்தார். எண்பது வயதுவரை வாழ்ந்தார். எரிச்சலாக இருக்கிறது.

#22 வழுதூர்க்காரன்

எல்லோருக்கும் நன்றி. பையனை உட்கார வைத்து எல்லாவற்றையும் வாசித்துக் காட்டினேன். செம்பு மூக்கனுக்கு விழுந்து விழுந்து சிரித்தான், ஆஸ்க் கதைக்குப் பேசாமல் இருந்தான். கடைசியில் இரண்டு கேள்வி. இதெல்லாம் எழுதினால் மார்க் போடுவார்களா என்பது ஒன்று. அவரை எங்கே புதைத்தார்கள் என்பது இன்னொன்று.

#23 மேட்டுத்தெரு

முதல் கேள்விக்கு: அந்த நாலு வரியை எழுதச் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்துபவருக்கு நேரம் இருக்காது.

#24 மைக்கூடு

இரண்டாவதற்கு: விண்ட்சரில், மகன் பெற்றுக் கொடுத்துவிட்டு இறந்த ஜேன் சீமோர் பக்கத்தில். கர்தினால் வுல்சி தனக்கென்று பிரமாதமான கறுப்புக் கல் பெட்டி செய்து வைத்திருந்தார். போப்பிடம் அனுமதி வாங்கித் தரத் தவறியதால் பதவி போய், 1530ல் இறந்தார். அந்தக் கல்லை ஹென்றி தன் சமாதிக்கு என்று எடுத்துக்கொண்டார். சமாதி கட்டி முடிக்கப்படவே இல்லை. மகன் எட்வர்டு காலத்திலும் கட்டவில்லை, மேரியும் கட்டவில்லை, எலிசபெத்தும் கட்டவில்லை. நூறு வருடம் கழித்துத் தலை வெட்டப்பட்ட முதலாம் சார்லஸையும் அதே நிலவறையில்தான் வைத்தார்கள். மேலே ஒரு சாதாரணக் கல் பலகை, அதுவே 1837ல்தான் வந்தது.

#25 கோடைமழை

அப்போ அந்தக் கறுப்புக் கல்?

#26 மைக்கூடு

இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் சும்மா கிடந்தது. இப்போது லண்டன் செயின்ட் பால்ஸ் நிலவறையில் இருக்கிறது. உள்ளே கடற்படைத் தளபதி நெல்சன்.